புதிய காரும் நான்கு டயர்களின் காற்றழுத்தமும்

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையையும் கடந்த பின் வருவது சந்தாபுரா. ஆனேக்கல்லுக்குச் செல்லும் சாலை இங்கே பிரிகிறது. மேலும் தெற்கே சென்றால் அத்திப்பள்ளி. அதனை அடுத்துத் தமிழ்நாட்டின் எல்லை. இச்சாலையில் நாள்தோறும் புதிய கார்களை அடுக்கி ஏற்றிய நீண்ட லாரிகளைக் காணலாம். அவற்றுள் பல ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து புறப்பட்டு, வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் பீடபூமியின் மேல் ஏறி வருவன.

புதிய காரைப் பெற்றுக்கொள்ளும் நாள் ஒரு குடும்பத்திற்கு விழா நாளாகும். வண்டிக்கு மாலை சூட்டுகின்றனர், சூடம் காட்டுகின்றனர், நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்துகின்றனர். வண்ணத்தில் கீறல் உண்டா, விளக்குகள் எரிகின்றனவா, இருக்கையின் உறை கிழிந்திருக்கிறதா என்றெல்லாம் கூர்ந்து நோக்குகின்றனர். ஆயின், சாலையைத் தொட்டு நிற்கும் உறுப்புகள் அந்த நான்கு டயர்கள் மட்டுமே என்பதையும், அவற்றின் உள்ளே அடைபட்டிருக்கும் காற்றே வண்டியைத் தாங்குகிறது என்பதையும் நினைப்போர் சிலரே. பழத்தை வைக்கக் குனிபவர் அதே வேளையில் ஓர் அழுத்தமானியையும் கையில் எடுத்துக்கொண்டால், எவ்வளவு நன்மை விளையும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சந்தாபுராவில் கண்ட ஒரு காட்சி

என் மைத்துனர் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பணியாற்றுபவர். அவர் புதிய கார் ஒன்றை வாங்கியபோது, அதனைப் பெற்றுக்கொள்ள நானும் உடன் சென்றிருந்தேன். அன்று மாலையே குடும்பத்துடன் சேலம் சென்று குலதெய்வத்தை வழிபட வேண்டும் என்பது அவர்களது ஏற்பாடு. சேலம் செல்லும் வழியில், தருமபுரிக்கு அப்பால், விபத்துகளுக்குப் பெயர்போன தொப்பூர்க் கணவாயின் இறக்கம் இருக்கிறது.

வண்டி முந்திய மாலை முதல் ஒரே இடத்தில் நின்றிருந்தது. காலை பத்து மணி; வலப்பக்கத்துச் சக்கரங்களின் மேல் வெயில் விழுந்திருந்தது; இடப்பக்கம் கட்டடத்தின் நிழலில் இருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவுத்தூணில் ஒட்டியிருந்த அட்டவணை, நான்கு டயர்களுக்கும் உரிய அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 33 பவுண்டு எனக் கூறியது. இது ஏறத்தாழ 230 கிலோபாஸ்கலுக்குச் சமம். (இனி இக்கட்டுரையில் வரும் அழுத்த எண்கள் யாவும் சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்றே கொள்க.) மானியை வைத்து அளந்தபோது கிடைத்த எண்கள் வருமாறு:

வலப்பக்கம்: முன் டயர் 45, பின் டயர் 45.
இடப்பக்கம்: முன் டயர் 43, பின் டயர் 36.

அங்கிருந்த இளைஞர், “நான்குமே முப்பத்துமூன்றுக்கு மேலேதான் இருக்கின்றன, சார், கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டால் சரியாகிவிடும்” என்று கூறி, வால்வை அமுக்கக் குனிந்தார். அவர் கூறியதில் ஒரு பாதி சரியே. மற்றப் பாதியில்தான் ஆபத்து மறைந்திருந்தது. காற்றை இறக்குவதற்கு முன்னர் அந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன்.

புதிய டயரில் ஏன் மிகுதியான காற்று?

தொழிற்சாலையிலிருந்து புறப்படும் கார், வாங்குபவரின் கைக்கு வரும் வரை பல நாட்கள், சில வேளைகளில் பல வாரங்கள், அசையாது நிற்கிறது. ஓரிடத்திலேயே நிற்கும் டயரின் அடிப்பகுதி சிறிது தட்டையாகிவிடக் கூடும். லாரியின் மேல் கட்டப்பட்டுச் செல்லும்போது வண்டியின் அசைவும் கட்டுப்பட்டிருத்தல் நலம். இக்காரணங்களால், ஏற்றி அனுப்பும்போது டயர்களில் உரிய அளவினும் மிகுதியாகக் காற்று அடைப்பது வழக்கம். விற்பனை நிலையத்தார் வண்டியை ஒப்படைக்குமுன் செய்யும் சோதனையில், அழுத்தத்தை உரிய அளவிற்குக் குறைத்தல் வேண்டும். வேலை மிகுந்த நாட்களில் இச்சிறு செயல் விடுபட்டுப்போவதுண்டு. ஆகவே, புதிய வண்டியில் 43 அல்லது 45 என மானி காட்டினால் வியப்படைய வேண்டுவதில்லை. ஆனால் அவ்வாறே ஓட்டிச் செல்வதும் கூடாது.

காரணம் எளிது. 1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் சராசரியாக 300 கிலோகிராம் தாங்குகிறது. 33 பவுண்டு அழுத்தம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.32 கிலோகிராம் ஆகும். 300-ஐ 2.32-ஆல் வகுத்தால், டயர் சாலையைத் தொடும் பரப்பு சுமார் 129 சதுர சென்டிமீட்டர் என அறியலாம். டயரின் பக்கச்சுவரின் விறைப்பும் சிறிது எடையைத் தாங்குமாதலால் இது தோராயக் கணக்கே. நான்கு டயர்களின் பரப்பையும் கூட்டினாலும் 520 சதுர சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. அலுவலகங்களில் வழங்கும் ஏ4 தாளின் பரப்பு 624 சதுர சென்டிமீட்டர். அதாவது, ஒரு குடும்பத்தைச் சுமந்து விரையும் வண்டி முழுவதும் ஒரு தாளினும் குறைந்த பரப்பைக் கொண்டே சாலையைப் பற்றி நிற்கிறது.

அழுத்தம் 44 ஆகும்போது ஒவ்வொரு டயரின் தொடுபரப்பும் 97 சதுர சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. பிடிப்புக் குறைகிறது, டயரின் நடுப்பகுதி மட்டும் விரைவில் தேய்கிறது, பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சி முழுவதும் டயரையும் அச்சையும் தாக்குகிறது. அழுத்தம் குறைந்தாலோ தீமை வேறு வகையானது. தொடுபரப்பு பெருகுவதால் நன்மை என எண்ணிவிடலாகாது. சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் பக்கச்சுவர் மிகுதியாக வளைந்து நிமிர்கிறது. அவ்வளைவில் செலவாகும் ஆற்றல் வெப்பமாகிறது. வேகமும் சுமையும் கோடை வெயிலும் சேர்ந்தால், வெப்பம் உள்ளடுக்குகளின் பிணைப்பைத் தளர்த்தி, டயர் திடீரெனப் பிளக்க நேரிடும். மழைக்காலத்தில் மற்றோர் இடரும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தார் விமான டயர்களை ஆராய்ந்து, நீர் தேங்கிய தளத்தில் டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது எனக் கண்டனர். அக்கணக்கின்படி 33 பவுண்டில் அவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டர். 25 பவுண்டில் 83 கிலோமீட்டர்.

வெயிலின் பங்கு எவ்வளவு?

இனி நம் நான்கு எண்களுக்கு வருவோம். வலப்பக்கத்து டயர்கள் 45 காட்ட, இடப்பக்கத்து முன் டயர் 43 காட்டியது ஏன்? கையால் தொட்டாலே வெயிற்பக்கத்து டயர்களின் சூடு புலப்பட்டது. மூடிய கலத்திலுள்ள வாயுவின் கனஅளவு மாறாதிருக்குமானால், அதன் அழுத்தம் தனி உஷ்ணநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதைப் பள்ளி மாணவரும் படிக்கின்றனர். இங்கு அழுத்தம் என்பது மானி காட்டும் எண் அன்று. மானியானது டயரின் உள்ளே இருக்கும் அழுத்தத்திற்கும் வெளியே உள்ள வளிமண்டல அழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே காட்டும். எனவே வெளியழுத்தத்தையும் அதனுடன் கூட்டிக்கொள்ளுதல் வேண்டும். பெங்களூர்ப் பகுதி கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கு வளியழுத்தம் சுமார் 13 பவுண்டு.

நிழற்பக்கத்து டயரின் உஷ்ணநிலை 24 டிகிரி செல்சியஸ், அதாவது தனி உஷ்ணநிலை 297 என்றும், வெயிற்பக்கம் 10 டிகிரி மிகுதி என்றும் கொள்வோம். உஷ்ணநிலை முப்பதில் ஒரு பங்கு உயர்ந்திருக்கிறது. முழு அழுத்தம் 43-உம் 13-உம் சேர்ந்து 56. அதில் முப்பதில் ஒரு பங்கு சுமார் 1.9. ஆகவே 43 என்பது 45 ஆவதற்கு வெயிலே போதிய காரணமாகிறது.

ஆனால் இடப்பக்கத்துப் பின் டயர்? அதுவும் நிழலில்தான் இருந்தது. தன் முன்னிருந்த டயரினும் அது 7 பவுண்டு குறைவாகக் காட்டியது. இவ்வேறுபாட்டை வெயிலும் விளக்காது, நிழலும் விளக்காது. நான்கும் ஒரே இடத்தில் ஒரே அளவாக நிரப்பப்பட்டிருந்தால், இந்த ஒன்றிலிருந்து மட்டும் காற்று வெளியேறியிருத்தல் வேண்டும்.

இளைஞர் கூறியபடி நான்கையும் உடனே 33-க்கு இறக்கியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? நான்கும் ஒரே எண்ணைக் காட்டியிருக்கும். யாவரும் மனநிறைவு அடைந்திருப்பர். குறையைக் காட்டும் ஒரே சான்று அக்கணமே அழிந்திருக்கும். தொழிற்சாலையில் மிகுதியாக அடைத்த காற்றே அந்த ஒழுக்கை இத்தனை நாட்களாக மறைத்து வைத்திருந்தது. அன்றிரவே விபத்து நேர்ந்திருக்கும் என்று நாம் கூறவில்லை. ஆயினும், மெல்லக் காற்றிழக்கும் ஒரு டயருடன், நிறைந்த சுமையோடு, இரவு வேளையில் கணவாயில் இறங்குவதை எவரும் விரும்பமாட்டார்.

சவர்க்கார நீர் காட்டிய உண்மை

சிறிது சவர்க்கார நீரை வால்வின் வாயிலும், டயர் வளையத்தைத் தொடும் விளிம்பிலும், ஓடுதளத்திலும் தடவினோம். விளிம்பிலும் ஓடுதளத்திலும் ஒன்றும் இல்லை. வால்வின் வாயில் மட்டும் கடுகளவு குமிழி ஒன்று மெல்ல எழுந்து, பெருத்து, உடைந்தது, மீண்டும் எழுந்தது. வால்வின் உள்ளூசி நன்கு பொருந்தாமல் இருந்தது. பணிமனையார் அதனைக் கழற்றிப் புதியது பொருத்தினர். மறுபடி நீர் தடவியபோது குமிழி எழவில்லை.

பின்னர் வண்டியை நிழலுக்கு நகர்த்தி, எல்லா டயர்களும் ஆறும் வரை காத்திருந்து, நான்கையும் 33-இல் நிறுத்தினோம். பயணத்தை ஒரு நாள் தள்ளிவைக்குமாறு மைத்துனரிடம் கூறினேன். வீட்டிலுள்ளோருக்கு அது சற்று வருத்தமே. மறுநாள் விடியற்காலையில் மீண்டும் அளந்தபோது நான்கும் 32 காட்டின. “குறைந்துவிட்டதே!” என்று அவர் கலங்கினார். கலங்க வேண்டுவதில்லை. இரவின் குளிரால் உஷ்ணநிலை ஏறத்தாழ 7 டிகிரி குறைந்திருந்தது. அதற்குரிய அழுத்தக் குறைவு 1 பவுண்டு. நான்கிலும் ஒரே அளவாகக் குறைந்தால் காரணம் உஷ்ணநிலை. ஒன்றில் மட்டும் குறைந்தால் காரணம் ஒழுக்கு. இந்த ஒரு விதியை நினைவிற் கொண்டால், மானி வெறும் எண் காட்டும் கருவியாக இராது. நோயை உணர்த்தும் கருவியாகும். நான்கிலும் சிறிது காற்றுச் சேர்த்து 33 ஆக்கிய பின் அவர்கள் புறப்பட்டனர்.

பீடபூமியும் சமவெளியும்

ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டத் தக்க மற்றொரு செய்தி இவ்வழித்தடத்தில் அடங்கியிருக்கிறது. கடல்மட்டத்தில் வளியழுத்தம் 14.7 பவுண்டு, 900 மீட்டர் உயரத்தில் சுமார் 13.2. எனவே சென்னையையொட்டிய சமவெளியில் நிரப்பிய டயர் பெங்களூரை அடையும்போது, உஷ்ணநிலை மாறாதிருப்பின், ஒரு துளிக் காற்றும் சேர்க்காமலே மானியில் 1.5 பவுண்டு மிகுதியாகக் காட்டும். உள்ளே உள்ள அழுத்தம் மாறவில்லை, வெளியழுத்தமே குறைந்தது. அங்ஙனமே, பெங்களூரில் நிரப்பிய டயர் சென்னையில் 1.5 பவுண்டு குறைவாகக் காட்ட வேண்டும். ஆனால் சென்னையின் காற்று 8 டிகிரி மிகுந்த வெப்பமுடையதாக இருந்தால், அதனால் 1.2 பவுண்டு உயர்கிறது. ஒன்றை மற்றொன்று ஏறத்தாழ ஈடுசெய்துவிடுகிறது.

காற்றடைத்த டயரின் வரலாறு

காற்றடைத்த சக்கரத்திற்கு 1845-இல் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது வழக்கிற்கு வரவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனது மூன்றுசக்கர வண்டிக்காக அதனை மீண்டும் படைத்தார். நம் நாட்டில், சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1946-இல் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய மதராஸ் ரப்பர் பாக்டரி பிற்காலத்தில் டயர் உற்பத்தியில் முன்னணி நிறுவனமாயிற்று.

இக்காலத்தில் அழுத்தம் குறைந்ததை முகப்புப் பலகையில் விளக்கினால் அறிவிக்கும் அமைப்புகள் பல கார்களில் உள்ளன. அமெரிக்காவில் 2000-இல் பல இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டதையடுத்து இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, 2007 முதல் புதிய இலகு வண்டிகள் அனைத்திற்கும் இவ்வமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. நம் நாட்டில் 2020-இல் வெளியான விதித் திருத்தம், இவ்வமைப்பும் குழாயில்லா டயரும் பழுதுநீக்கும் கருவித் தொகுப்பும் உள்ள சிறு வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரம் வேண்டியதில்லை என்றது. அவ்வாறு மாற்றுச் சக்கரமின்றி வரும் வண்டியில் நான்கு டயர்களின் நலம் மேலும் இன்றியமையாததாகிறது.

எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று வாளாவிருத்தல் நன்றன்று. அமெரிக்க விதிப்படி உரிய அழுத்தத்தில் கால் பங்கு குறைந்த பின்னரே விளக்கு எரிந்தால் போதும். 33 பவுண்டு டயரில் அது ஏறத்தாழ 25 ஆகும். மேலும், சில கார்களின் அமைப்பு அழுத்தத்தை நேரே அளப்பதில்லை. சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு, காற்றிழந்த டயரை ஊகித்து அறிகிறது. அத்தகைய வண்டியில் அழுத்தத்தைச் சரிசெய்த பின் அமைப்பைப் புதிதாகப் பதியவைத்தல் வேண்டும். தவறான அழுத்தத்தில் பதியவைத்தால், அது தவற்றையே சரி எனக் கொள்ளும்.

செய்ய வேண்டுவன

அலுவலகத்திற்கு வரும் ஜீப்பைப் பொறுப்பேற்கும் களப்பணியாளருக்கும், தம் சேமிப்பைக் கொண்டு முதற் காரை வாங்கும் ஆசிரியருக்கும் பயன்படுமாறு சில குறிப்புகளைத் தொகுத்துக் கூறுவோம்.

1. உரிய அழுத்தத்தைக் கதவுத்தூணிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ உள்ள அட்டவணையில் காண்க. டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். நிரப்ப வேண்டிய அளவு அன்று.

2. டயர் ஆறியிருக்கும்போது அளக்க. வண்டி மூன்று மணி நேரமேனும் நின்றிருத்தல் வேண்டும். ஓடிவந்த டயரில் அழுத்தம் 4 பவுண்டு வரை உயர்ந்திருக்கலாம். அந்நிலையில் காற்றை இறக்கி 33 ஆக்கினால், ஆறிய பின் 29 ஆகிவிடும்.

3. முதலில் நான்கையும் அளந்து குறித்துக்கொள்க. பின்னரே காற்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்க. ஒரு டயர் மற்றவற்றினின்று 3 பவுண்டுக்கு மேல் வேறுபட்டால், வெயிலைக் கணக்கிட்ட பின்னும் காரணம் தெரியாவிடின், சவர்க்கார நீரால் சோதிக்க.

4. மாற்றுச் சக்கரத்தையும் அளக்க. அது சிறிய தற்காலிகச் சக்கரமாயின், பெரும்பாலும் 60 பவுண்டு அழுத்தம் வேண்டியிருக்கும். அதன் மேலுள்ள குறிப்பைப் பார்க்க.

5. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியை நோக்குக. 3524 என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். நான்கும் பெரிதும் வேறுபட்டிருந்தால் விளக்கம் கேட்க.

6. வால்வின் மூடிகள் நான்கும் உள்ளனவா எனப் பார்க்க. அவை புழுதியையும் சேற்றையும் வால்வினுள் புகாமல் தடுப்பன.

7. மறுநாட் காலையிலும், பின்னர் மாதம் ஒரு முறையும், நெடும்பயணத்திற்கு முன்னும் அதே மானியால் அளக்க. நல்ல டயரும் மாதத்திற்கு ஏறத்தாழ 1 பவுண்டு இழப்பது இயல்பே.

நைட்ரஜன் நிரப்பினால் இவையெல்லாம் வேண்டுவதில்லை என்று சிலர் கருதுவர். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். உஷ்ணநிலையால் அழுத்தம் மாறும் விதி இரண்டிற்கும் ஒன்றே. நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும். ஆனால் வால்வு பழுதானால் எந்த வாயுவும் நில்லாது.

வகுப்பில் செய்யத்தக்க பரிசோதனை

கார் இல்லாத பள்ளியிலும் சைக்கிள் உண்டு. அதன் பின் டயரில் சுண்ணப்பொடி தடவி, தரையில் வரைபடத்தாளை விரித்து, சைக்கிளை அதன் மேல் நிறுத்தி, ஒரு மாணவரை ஏறி அமரச் செய்க. மற்றிருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். தாளில் பதிந்த தடத்தின் கட்டங்களை எண்ணினால் தொடுபரப்பு கிடைக்கும். பின் சக்கரம் 45 கிலோகிராம் தாங்கி, அழுத்தம் 45 பவுண்டாக இருப்பின், பரப்பு சுமார் 14 சதுர சென்டிமீட்டர் வருதல் வேண்டும். காற்றைச் சிறிது குறைத்து மீண்டும் செய்து, இரு தடங்களையும் ஒப்பிடச் செய்க. கணக்கிற்கும் அளவிற்கும் வேறுபாடு வந்தால் அதுவும் நன்றே. காரணத்தை மாணவரே ஆராயட்டும்.

புதிய வண்டி ஆகையால் எல்லாம் சரியாகவே இருக்கும் என்று நம்புவது மனித இயல்பு. அந்நம்பிக்கையை அளந்து உறுதிசெய்துகொள்ளச் சில நிமிடங்களே போதும். திருத்துவதற்கு முன் அளக்க வேண்டும்; அளந்ததைக் குறித்துவைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மாணவர்க்கு நாம் நாளும் கற்பிப்பது இதுவே. அதே ஒழுங்கு, சந்தாபுராவில் ஒரு காலைப்பொழுதில், கடுகளவு குமிழி ஒன்றைக் காட்டிக்கொடுத்தது.